கொல்லர் வீட்டு விருந்தும் காணாமற்போன கிண்ணமும்

அவைக்குத் தலைமை தாங்கி, பெயர் சொல்லி அழைக்கும்போதே எங்கள் முதுகுகளை நிமிரச் செய்யும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, ஆண்டுதோறும் எங்கள் நடுங்கும் குரல்களைப் பொறுமையோடு கேட்டுவரும் விடுதிக் குழுப் பெரியோர்களே! பிள்ளைகளோடு தங்கள் தூக்கத்தையும் இந்த விடுதியில் விட்டுச் செல்லும் தாய்மார்களே, தந்தையரே! கடைசி வரிசையில் கைக்கடிகாரம் பார்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே! அனைவருக்கும் அச்சத்தோடு என் வணக்கம்.

அன்போடு என்றுதான் எழுதி வைத்திருந்தேன். வாயில் அச்சம் என்றே வருகிறது. அதுதான் உண்மை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘புத்தர் பெருமானின் வாழ்வு’. தந்த நேரம் பத்து நிமிடம். எண்பது ஆண்டு வாழ்ந்தவரைப் பத்து நிமிடத்தில் அடக்குவது எப்படி? அரண்மனையில் பிறந்தார், அரசைத் துறந்தார், அரசமரத்தடியில் அமர்ந்தார், அறத்தை உரைத்தார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கைதட்டாதீர்கள் அண்ணா, நான் இன்னும் உட்காரப் போவதில்லை!

அவர் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். ஞானம் பெற்ற கதையும் தெரியும். அவருக்குக் கடைசியாகச் சோறிட்டவர் யார், தெரியுமா? ஒரு கொல்லர். உலைக்களத்தில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, வளைத்து வாழ்ந்த ஓர் எளிய மனிதர்.

தம்முடைய மாந்தோப்பில் புத்தர் வந்து தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் வணங்கினார் அந்தக் கொல்லர். “நாளைக்கு என் வீட்டில் உண்ண வேண்டும்” என்று வேண்டினார். புத்தர் மௌனமாக ஒப்புக்கொண்டார். மறுநாள் அந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்! எத்தனை முறை உப்புப் பார்த்திருப்பார்கள்! விருந்து பரிமாறும் வேளையில் புத்தர் ஒரு குறிப்பிட்ட பதார்த்தத்தைக் காட்டி, “இதை எனக்கு மட்டும் பரிமாறு. மீதியைக் குழி தோண்டிப் புதைத்துவிடு” என்றார். ஏன் என்று கொல்லர் கேட்கவில்லை. குழி தோண்டினார், புதைத்தார்.

உண்டபின் புத்தருக்கு வயிற்றில் கொடிய வலி கண்டது. இரத்தமாகப் போயிற்று. அந்த நிலையிலும் நடந்தார். நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, “தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வா” என்று சீடரிடம் கேட்டார்.

இந்த இடத்தில் எல்லோரும் புத்தரையே பார்க்கிறோம். நான் உங்களைக் கொல்லரின் வீட்டுக்கு அழைக்கிறேன். இனி வருவது நூலில் இல்லை, என் கற்பனை. புத்தர் இனிப் பிழைக்கமாட்டார் என்று செய்தி வந்து சேர்கிறது. சம்மட்டி கையிலிருந்து நழுவுகிறது. பக்கத்து வீட்டார் வாசலுக்கு வருகிறார்கள்.

“என்னப்பா, சாப்பாடு போடுறேன்னு கூப்பிட்டு மகானையே அனுப்பி வச்சுட்டியாமே!”

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தாங்க செஞ்சேன்.”

“நல்லதுன்னா மீதியை ஏன்யா புதைச்ச? அதைச் சொல்லு மொதல்ல!”

என்ன சொல்வார் அவர்? ‘அவர்தான் புதைக்கச் சொன்னார்’ என்றால் நம்புவார்களா? சாட்சி மண்ணுக்குள்ளே! சொல் தொண்டைக்குள்ளே! எவ்வளவு பயந்திருப்பார்! எவ்வளவு தனித்திருப்பார்!

பெரியோர்களே, இப்படி ஒருவர் நம் சமையற்கூடத்திலும் இருக்கிறார்.

எதையும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்த பிறகே அடுப்பிலிருந்து இறக்குவதால் அவரை ‘ருசியக்கா’ என்று அழைக்கிறோம். ஒன்பது நாட்களுக்கு முன் மதியம் காய்கறி சூப்பு வைத்தார். மாலைக்குள் பதினொரு பேர் வாந்தி எடுத்தார்கள். பத்துப் பேர் குணமாகித் திரும்பிவிட்டார்கள். என் பக்கத்துக் கட்டில் தோழி இன்னும் மருத்துவமனையில் இருக்கிறாள். அவளுடைய அம்மா இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் சமையற்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாறத் தொடங்குமுன் அன்றைய உணவில் ஒரு பங்கை மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, தேதி எழுதி ஒட்டி, ஒரு நாள் முழுதும் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அதைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அன்று மாலை சுகாதார அதிகாரி ஃபிரிட்ஜைத் திறந்தார். கிண்ணத்தைக் காணோம்.

“சாம்பிள் எங்கம்மா?”

“கழுவிட்டேன் சார்.”

“ஏன் கழுவின?”

அக்கா துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து விடுதியெங்கும் ஒரே பேச்சு. “தப்பு செய்யலேன்னா எதுக்கு ஒளிக்கணும்?” “அவ மட்டும் நல்லாத்தானே நடமாடுறா!” முன்பெல்லாம் கரண்டி சத்தம் கேட்டாலே ஓடிப்போகும் நாங்கள், அவர் நீட்டும் தட்டை முகர்ந்து பார்க்கிறோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த தட்டை நீட்டுகிறார்.

அந்தக் கிண்ணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

அமைதி, அமைதி. தயவுசெய்து சொல்ல விடுங்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது.

அன்று மதியம் நான் நூலகத்தில் இருந்தேன். இந்தப் பேச்சுக்காகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி காதில் விழவில்லை. ஓடிப்போய்ப் பின்கதவைத் தட்டினேன்.

“பாத்திரமெல்லாம் கழுவியாச்சு கண்ணு. மணி அடிச்சப்ப எங்க போயிருந்த?”

“படிச்சுட்டு இருந்தேன்க்கா. பசிக்குது.”

“புத்தகத்தைத் தின்னு வயித்த நெரப்பியிருப்பேன்னு நெனச்சேன்!”

ரொட்டிப் பெட்டியைத் திறந்தார். காலி. என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, தேதி ஒட்டிய கிண்ணத்தை எடுத்துச் சுட வைத்துத் தந்தார்.

“அக்கா, இது சாம்பிளாச்சே!”

“குடிடி. யாருகிட்டயும் மூச்சு விடாத. உனக்கு இது மூணாவது தடவ, தெரியும்ல?”

தெரியும். சாப்பாட்டு மணிக்கு மூன்றாம் முறை தாமதமானால் விடுதியிலிருந்து பெயர் நீக்கம். அதனால்தான் மாலையில் அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, ‘வேண்டாம்’ என்று அக்கா மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் ஒன்பது நாட்கள் நான் ஒளிந்துகொண்டேன்! யார் பெயர் சொல்லி அழைத்தாலும் வேறு பக்கம் போனேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

தலைமையாசிரியை அம்மா அவர்களே, அக்கா எதையும் ஒளிக்கவில்லை. கிண்ணத்தில் இருந்ததைக் குடித்தவள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதனால் சூப்பில் குறையே இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அன்று அதிகாரி எடுத்துச் சென்ற தொட்டித் தண்ணீரின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. குறை சூப்பில்தான் என்றே நாளை தெரியவரலாம். அப்போதும் நாம் என்ன செய்ய வேண்டும்?

மரத்தடியில் வலியோடு கிடந்த அந்த மனிதர் என்ன செய்தார், கேளுங்கள். சீடரை அழைத்தார். கொல்லரை யாராவது பழிப்பார்கள், அவர் மனம் உடைந்துபோவார் என்று முன்கூட்டியே நினைத்தார். “அவரிடம் சொல்லுங்கள். நான் ஞானம் பெறுமுன் உண்ட உணவும், மறையுமுன் உண்ட உணவும் ஒரே அளவு புண்ணியம் தருபவை. அவர் வருந்த வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்.

உயிர் போகும் வேளை! உடம்பெல்லாம் வேதனை! அப்போதும் அவர் எண்ணியது யாரை? தமக்குச் சோறிட்டவரின் பயத்தை! நலமாக நடமாடிய நான் ஒன்பது நாட்கள் எண்ணியது யாரை? என்னை! என் கட்டிலை, என் பெட்டியை, என் பெயரை! இந்த வாயால் புத்தரின் வாழ்வைப் பேசுவதா? சொல்லுங்கள், பேசுவதா?

இந்த விழா முடிந்ததும் குழு கூடி அக்காவை வேலையில் வைப்பதா, நீக்குவதா என்று முடிவெடுக்கப் போகிறது. அலுவலக வாசல் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். குழுவினரே, நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரை நீக்குவதானால் நீக்குங்கள். கொல்லருக்குச் செய்தி சொல்ல ஒரு சீடர் இருந்தார். அக்காவுக்குச் சொல்ல நான் போகிறேன்.

மூன்றாம் வரிசையில் என் தோழியின் அம்மா எழுந்து நிற்கிறார்கள். என்னைத் திட்டுவதற்கா, என்னோடு வருவதற்கா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. இதோ, படியிறங்கி வருகிறேன்.

பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.