பொறந்த ஊட்டுச் சேலை

தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும்போல வலித்தது அங்கப்பனுக்கு. இரவு பத்து மணி. மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் போகிற ரோடு. இரண்டு பக்கமும் சோளக்காடு. எதிரே ஒரு வண்டி வெளிச்சம்கூட இல்லை. எக்செல் மொபெட்டின் முன்னால் சாக்குச் சுற்றி ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். கல்லுக் கனம். ஒரு கை வண்டியைப் பிடிக்க, ஒரு கை அதைப் பிடிக்க...

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். நம் லேத்துப் பட்டறைக் கவின் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பாதான் இந்த அங்கப்பன். சரவணம்பட்டியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். காலமெல்லாம் செம்புக் கம்பி இழுத்த கை. மனசும் அப்படித்தான், முறுக்கினால் முறுக்கினபடியே நிற்கும்.

ஆம்ப்ளிஃபயர் அவர் அப்பா வாங்கியது. தங்கச்சி ராசாத்தாளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டார். அதிலேயே அங்கப்பனுக்கு வயிறு எரிந்தது. அப்பா செத்த பிறகு அவள் காட்டு நிலத்தில் பாகம் கேட்டாள். "நீ செத்தாலும் உன்ற ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றார். மிதிக்கவில்லை. போன மாசியில் அவள் செத்த சேதி வந்தும் போகவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தினால்தான் பிணத்தை எடுப்பார்கள். ராசாத்தாளை வெயில் சாயும்வரை வைத்துப் பார்த்தார்கள். ஈ மொய்க்க ஆரம்பித்ததும், கோடி இல்லாமலே கொண்டுபோய் எரித்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "எங்கப்பன் வாங்குன பொருளு" என்று மேட்டுப்பாளையத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார் அங்கப்பன். ராசாத்தாள் புருஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாக்குகூட அவர் கொடுத்ததுதான்.

"எடுத்துட்டுப் போங்க மச்சான். நீங்க வருவீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டேதானுங்க கெடந்தா."

மறுநாள் சாயங்காலம் ஸ்பீக்கரை மாட்டி ஸ்விட்ச் போட்டார். ம்ம்ம்ம்... என்று ஓர் இரைச்சல். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பொம்பளை அழுகிறாற்போல.

"ஏனுங்க, அதைய அமத்துங்க. குலை நடுங்குது" என்றாள் அவர் மனைவி அம்புஜம்.

"கெபாசிட்டர் போச்சு அம்மணி. பழசானா இப்படித்தான் இரையும். மாத்திப்போட்டாப் பொட்டிப்பாம்பாட்டம் அடங்கிரும்."

மூடியைக் கழற்றினார். பெரிய கெபாசிட்டர் இரண்டும் தலை வீங்கி, அடியில் பழுப்பாய்க் கசிந்திருந்தன. கெட்ட மீன் வாடை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் கரண்ட் நிற்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். அதனால் அந்தக் கரண்ட் இறங்க ஒரு குண்டு பல்பின் ஒயர்களை அதன் கம்பிக் காலில் வைத்தார். பல்பு சிவப்பாய்க் கனன்று... மங்கி... அணைந்தது. இனிப் பயமில்லை. பழசைக் கழற்றிப் புதுசை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

ஸ்விட்ச் போட்டார். இரைச்சல் துளிகூட இல்லை.

"பாத்தியா? எங்கப்பன் பொருளு என்ற கையிலதான் அடங்கும்."

அப்போதுதான் சத்தம் வந்தது. பாட்டுப் போடுகிற எதையும் அதில் மாட்டவில்லை. முதலில் தூரத்தில் பறை. பிறகு பொம்பளைகள் அழுவது. ஈ மொய்ப்பது... காதுக்குள்ளேயே. கடைசியாக ஓர் ஆண் குரல், எழவு வீட்டில் கேட்கிற அதே இழுப்போடு.

"பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சுங்களா?"

நின்றது. மறுபடியும்...

"கோடி வந்துருச்சுங்களா?"

பிளக்கைப் பிடுங்கினார். குரல் நிற்கவில்லை. பல்பை எடுத்துப் புதுக் கெபாசிட்டரின் காலில் வைத்தார். எரிந்தது. மங்கவில்லை. பார்க்கப் பார்க்க இன்னும் வெளிச்சமாக எரிந்தது.

"பொறந்த ஊட்டுக்காரங்க ஆருமே இல்லீங்களா?"

அங்கப்பன் பீரோவைத் திறந்தார். கட்டாத புதுச் சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்புஜத்தின் அண்ணன் கிட்டுசாமி உடுமலைப்பேட்டையிலிருந்து எடுத்து வந்தது.

"அது எங்கண்ணன் எனக்கு எடுத்ததுங்க! உங்க தங்கச்சிக்குன்னா நீங்க போயி எடுத்துட்டு வாங்க."

"சேலையில பேரா எழுதி வெச்சிருக்குது? உடு கைய."

அவள் விடவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போய் ஆம்ப்ளிஃபயர்மேல் போர்த்தினார்.

குரல் நின்றது. பல்பு அணைந்தது. அங்கப்பன் ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டுத் தூங்கினார்.

விடியக்காலையில் எழுப்பினால் அம்புஜம் எழவில்லை. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. கன்னத்தில் அவருடைய விரல் தடம் மட்டும் அப்படியே இருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

கிட்டுசாமி அடித்துப் பிடித்து ஓடிவந்தார். அந்த நேரத்தில் எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்? வெறுங்கை. குளிப்பாட்டிக் கிடத்தியதும் சடங்கு செய்கிறவர் குரல் கொடுத்தார்.

"பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சுங்களா?"

அதே குரல். அதே இழுப்பு.

கிட்டுசாமி சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஆம்ப்ளிஃபயர்மேல் அந்தச் சேலை தெரிந்தது.

"நான் எடுத்துக் குடுத்ததுதானுங்களே இது... அம்மணி ஒரு நாளுகூடக் கட்டலையே..."

வேண்டாம் என்று தடுக்க அங்கப்பன் எழுந்து வருவதற்குள் கிட்டுசாமி அழுதுகொண்டே சேலையை உருவித் தங்கச்சிமேல் போர்த்தினார். எந்த வீட்டில் எடுத்த கோடியோ, அந்த வீட்டுப் பெண்ணுக்கே போய்ச் சேர்ந்தது.

மூலையில் ஆம்ப்ளிஃபயர் மொட்டையாக நின்றது. பிளக் மாட்டவில்லை. ஸ்பீக்கர் ஒயரும் கழற்றிக் கிடந்தது. ம்ம்ம்ம்... என்று இரைய ஆரம்பித்தது.

அப்புறம் அங்கப்பன் எத்தனையோ சேலை எடுத்து வந்து போர்த்திப் பார்த்துவிட்டார். அடங்கவில்லை. ஒரு சேலையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கே போனார். ராசாத்தாள் புருஷன் வாசலிலேயே நின்று, மரியாதையாகத்தான் கேட்டார்.

"வாங்க மச்சான். ஆரு மேல போத்தறீங்க?"

ராசாத்தாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை ஒன்று. அங்கப்பன் தரவேண்டியது. இன்னும் தரவில்லை.