எதிர்மலைக் கிடா

கேரளம் பிறந்த மறு வருஷம், மாசி மாதம். மூணாறிலிருந்து இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தேயிலை எஸ்டேட் காவல்காரரும் சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு கல்யாணத்தால என் வேலையே போகப் பார்த்துச்சுண்ணே," என்றார் காவல்காரர்.

"யாரு கல்யாணமுங்க?"

"வரையாட்டுக்கு! எங்க மலை உச்சியில இருக்கிறதே கொஞ்சம் ஆடுதான். சுத்திலும் தேயிலை வந்ததுல வெளிக்கிடா எதுவும் வர்றதில்லை. எல்லாம் ஒரே ரத்தம். குட்டிக கால் வளைஞ்சு பொறந்து சாகும்."

"மாட்டுலயும் அப்படித்தானுங்க. சொந்தத்துக்குள்ளயே காளை சேர்த்தா கன்னுக்குட்டி நோஞ்சானாப் போயிருமுங்க."

"போன ஆடி மழையில எதிர்மலைக் கிடா ஒண்ணு தேயிலைக்குள்ள இறங்கி மிரண்டு நின்னுச்சு. கொழுந்து பறிக்க வந்தவங்க எல்லாரையும் மறிச்சு நிறுத்திட்டேன். தொரை வந்து கத்துனாரு. கிடா எங்க மலையில ஏறி மறையுற வரைக்கும் நான் நகரலையே!"

"அப்புறமுங்க?"

"நேத்து மேல போய்ப் பார்த்தேன். ஆறு குட்டிண்ணே. ஒண்ணுக்கும் கால் வளையலை. பாறைக்குப் பாறை தாவுதுக. பொழுது சாயுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். கட்டிக்கிட்டுப் போன சோத்தைத் திங்கக்கூடத் தோணலை."