வெள்ளை போர்டு வண்டியில் வாடகை கிடையாது

மொட்டை... இத்தனை பேர் முன்னாடி உன் அக்காவை மைக் பிடிக்க வச்சுட்டியேடா.

சிரிக்காதீங்கம்மா. வீரபுத்திரன்னு பேரு வச்சது எங்க அய்யா. தலையில முடி முளைக்க நாளானதால மொட்டைன்னு கூப்பிட்டது நான். என் தம்பி. போன ஆடியில கார் விபத்துல போயிட்டான். சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. எனக்கு முன்னாடி பேசின ஆபீசரு இன்சூரன்ஸ் பத்திப் படம் போட்டு விளக்கினாரு. எனக்குப் பாதிதான் ஏறுச்சு. நான் பள்ளிக்கூடத்துல அதிக நாள் இருந்ததில்ல. அதனால என் வீட்டுல நடந்த ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு இறங்கிடறேன்... கேக்கறீங்களா?

மொட்டைகிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு. எங்க தெருவுல பிரசவ வலின்னாலும் அதான், காய்ச்சல்னாலும் அதான். ஒருத்தர்கிட்டயும் காசு வாங்க மாட்டான். எனக்குப் பொறுக்குமா? ஒருநாள் கேட்டேன்.

"ஏண்டா, ஊரையே ஓசியில சுமக்கிறியே, பெட்ரோல் என்ன நம்ம வீட்டுக் குழாயிலயா வருது?"

"யக்கா, வண்டி நம்பர் என்ன போர்டுல இருக்கு?"

"வெள்ளை போர்டு."

"அப்ப இது சொந்த உபயோகத்துக்கு. இன்சூரன்சும் அப்படித்தான் போட்டிருக்கு. கை நீட்டி வாடகை வாங்கிட்டா இது டாக்சி. அப்புறம் ஒண்ணு ஆச்சுன்னா, 'வாடகைக்கு ஓட்டின வண்டி'ன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?"

நான் விட்டேனா? "கட்டாயம் போட வேண்டியது என்னமோ தேர்டு பார்ட்டியாமே, அதை மட்டும் போட்டா காசு குறையுமாமே!"

"அது நம்ம வண்டி வெளிய யாரை இடிச்சாலும் அவங்களுக்குக் கொடுக்கிறதுக்கா."

"நாம கட்டி... எவனோ ஒருத்தனுக்கா?"

"ஆமா, எவனோ ஒருத்தனுக்குத்தான். அவனுக்கும் வீட்டுல ஒரு அக்கா இருப்பால்ல, உன்னை மாதிரி வாயாடி! ஆனா அதுல நம்ம வண்டிக்கும் ஒண்ணும் வராது, சும்மா ஏறி வர்றவங்களுக்கும் ஒண்ணும் வராது. அவங்களுக்கும் சேர்த்துத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன். ஓட்டுற எனக்குத் தனியா விபத்துக் காப்பு. போதுமா? சோத்தைப் போடு."

சோறுதான் போட்டேன்.

ஆடியில ஒரு மழைநாள். தெருவுல ரெண்டு பேருக்குக் கண்ணு காட்டணும்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனான். பூக்கட்டுற சுந்தரவள்ளி ஒண்ணு, மொக்கத்தாய் ஆத்தா இன்னொண்ணு. திரும்பி வர்றப்ப டயர் வெடிச்சு வண்டி மரத்துல மோதிருச்சு... மொட்டை அங்கேயே போயிட்டான்.

...

ஆத்தாவுக்குக் கை முறிஞ்சுச்சு. சுந்தரவள்ளிக்கு இடுப்பு. பூக்கட்டுறவளுக்கு உக்கார முடியலன்னா, வேறென்ன பிழைப்பு இருக்கு? பெரிய ஆபரேசன் பண்ணணும்னாங்க. நட்டஈடு கேட்டுக் கேஸ் போட்டோம். கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் விசாரிக்க வந்தாரு. சுந்தரவள்ளி கட்டில்கிட்ட எல்லாரும் நின்னோம்.

மெதுவாத்தான் கேட்டாரு. "வண்டிக்கு வாடகை எவ்வளவும்மா பேசினீங்க?"

சுந்தரவள்ளி சொன்னா, "வாடகையா? பெட்ரோலுக்கு வச்சுக்கப்பான்னு ஒரு நோட்டை நீட்டினேன் சார். 'இதை வாங்கினா உனக்குத்தான்க்கா நட்டம்'னு என் மடியிலயே திருப்பிப் போட்டுட்டான். அப்ப எனக்கு விளங்கல."

அவரு ஆத்தா பக்கம் திரும்பினாரு. "பாட்டி, நீங்க ஏதாச்சும் கொடுத்தீங்களா?"

ஆத்தா பட்டுனு சொல்லிருச்சு. "கொடுத்தேனே!"

சுந்தரவள்ளி கண்ணை மூடிட்டா. அவரு பேனாவை எடுத்துட்டாரு.

"என்ன கொடுத்தீங்க?"

"ஒரு தூக்குவாளி புளிச்சோறு. அள்ளி அள்ளித் தின்னான் பிள்ளை. 'எங்க அக்கா சமையலைத் தின்னு நாக்கே செத்துப்போச்சு ஆத்தா'ன்னான்."

அடப்பாவி! சாகுற அன்னிக்கும் என் சமையலைக் குறை சொல்லிட்டுத்தான் போயிருக்கான்! அந்த மனுசரு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. சுந்தரவள்ளி இடுப்பு வலியோட சிரிச்சா. நானும் சிரிச்சேன்... அவன் போனப்புறம் அன்னிக்குத்தான் மொதல்ல சிரிச்சேன்.

கேஸ் நல்லபடியா முடிஞ்சுது, நட்டஈடும் வந்துச்சு, ஆபரேசனும் ஆச்சு. அதோ, மூணாவது வரிசையில கனகாம்பரம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான் சுந்தரவள்ளி. உக்காந்திருக்கா! நல்லாப் பாருங்க.

எதுக்குச் சொல்றேன்? அன்னிக்கு அந்தக் கட்டில்கிட்ட ஒருத்தரும் ஒரு பொய் சொல்ல வேண்டி வரல. செத்த பிள்ளை பேர்ல ஒருத்தரும் ஒரு சாபம் விடல. ஒரு வீட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கடவுளுக்கும் நன்றி, என் தம்பிக்கும் நன்றி.

கார் வச்சிருக்கிறவங்களே... புது வண்டி எடுத்தா எலுமிச்சம்பழம் நசுக்குறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். வேண்டாங்கல. ஆனா இன்சூரன்ஸ் போடுறவர்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க. "ரோட்டுல போறவருக்கு என்ன இருக்கு? என்கூட வர்றவங்களுக்கு என்ன இருக்கு? எனக்கு?" அப்படின்னு கேளுங்க. எனக்கே விளங்கியிருக்கு, உங்களுக்கு விளங்காதா? வாடகைக்கு ஓட்டணும்னா வாடகை வண்டியா மாத்தி, அதுக்குள்ளதைப் போட்டுட்டு ஓட்டுங்க. உங்களை நம்பிக் கதவைத் திறந்து ஏறி உக்காருறாங்களே, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்காக நீங்கதான் கேக்கணும்.

அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என் தம்பி சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து சொல்லிக்கொடுத்தது.

மொட்டை... நான் சொன்னதெல்லாம் சரிதானாடா?