சாவி யாரிடம் என்று கேட்ட சமூக அறிவியல் ஆசிரியைக்கு

கேட்பதற்கென்றே பிறந்தவரே! கேள்வியே மூச்சாய், கேண்மையே பேச்சாய், முப்பத்தோராண்டு எங்கள் பள்ளியைத் தூங்கவிடாமல் காத்தவரே! எங்கள் அன்பு அக்காவே! 'ஏன் டீச்சர்' என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்கள் காதுக்கு எட்டவில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம். எட்டிவிட்டதாம். வணக்கம்!

சமத்துவம் என்னும் பாடத்தை இரண்டு நாளில் முடித்து, வினாவிடை எழுதவைத்துக் கைகழுவுகிறவர்கள் பலர். நீங்களோ நான்காண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பை வெளியே கூட்டிவந்து, பள்ளியில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று பட்டியல் எடுக்கச் சொன்னீர்கள். நூலகம், ஆய்வகம், தலைமையாசிரியர் அறை என்று பிள்ளைகள் நோட்டும் கையுமாகத் திரிந்ததைப் பார்க்க எங்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர்கள் ஆசிரியர் கழிவறை வாசலுக்கு வரும்வரை.

"டீச்சர், இதை தினமும் கழுவுற அக்கா எங்க போவாங்க?" என்றாள் ஒரு மாணவி. மாணவியர் கழிவறையைப் பெரியவர்கள் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. ஆசிரியர் கழிவறையைக் கழுவியதும் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. "தெரியலையேம்மா. இருபத்தேழு வருஷமா நான் கேக்கவே இல்லையே" என்றீர்கள். ஓர் ஆசிரியை, அதுவும் மாணவர்கள் முன்னால்! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் கேள்வி பிள்ளைகளின் சுவரொட்டியில் ஏறியதும் எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாடம் நடத்துறதை விட்டுட்டு, பசங்களை வச்சு நம்மளையே வேவு பாக்குறாங்க" என்று கொதித்த கணக்காசிரியர் புகார் எழுதினார். பதினான்கு பேர் கையெழுத்திட்டோம். உங்களை வெகுதூரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டோம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி தூய்மைப் பணியாளரை அழைத்தார். ஒப்பந்த வேலை, ஒரு சொல் பிசகினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்காம்மா?"

"குறையெல்லாம் இல்லீங்க சார். சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்கமாட்டேன், அவ்ளோதான்."

கணக்காசிரியர் எழுந்துவிட்டார். "எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா சார்."

அவர் மேசைமேலிருந்த புகாரை எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே சாவி எல்லோர் கைக்கும் எட்டும் ஆணிக்கு வந்தது.

ஆனால், உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னோமா? இல்லை. நீங்களும் மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் வந்து, "சார், உங்க கணக்குல சுவர் கட்டுறவங்க ஏன் எப்பவும் அஞ்சு ஆம்பளைங்களாவே இருக்காங்க? கல்லு சுமந்த பொம்பளைங்க எங்க போனாங்க?" என்று கேட்டீர்கள். அவர் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நான்காண்டு தாமதமாய், உங்கள் பணிநிறைவு விழாவில் ஒலிபெருக்கிமுன் நின்று, ஊரறியச் சொல்கிறோம்: நாங்கள் செய்தது தவறு. மன்னியுங்கள். முன்வரிசையில் அக்காவின் அருகே அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா, உங்களிடமும் கேட்கிறோம், மன்னியுங்கள்.

அறிவுக்கு ஓய்வேது, அன்புக்கு அகவையேது அக்கா! நலமும் நகையும் நாளும் பெருக நூறாண்டு வாழ்க! வங்கியிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் 'ஏன்' என்று கேட்டுப் பலரது பொல்லாப்பைத் தேடிக்கொண்டே வாழ்க!

இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் கையில் தருகிறோம். இன்னொரு படியை எங்கள் ஆசிரியர் அறையிலேயே மாட்டப்போகிறோம். புதிதாய்ப் பணியில் சேர்கிறவர்கள் உங்களைப் பற்றி மட்டுமல்ல, எங்களைப் பற்றியும் அதில் படித்துக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
புகாரில் கையெழுத்திட்ட பதினான்கு பேரும், பின்னர் வந்து சேர்ந்த அறுவரும்.
எழுதி வாசித்தவர்: கணக்காசிரியர்.