பதினொன்று முதல் நான்கு வரை

முதலில் கெட்டது தண்ணீர் பம்பு. அதைக் கெடுத்தது என் கால். படகின் அடித்தட்டில் செருப்பைத் தேடித் தவழ்ந்து, கடைசியில் ஒரு வயரை மிதித்துப் பிடுங்கிவிட்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என் மனைவி குரல் கொடுத்தாள். பிடுங்கிய வயரைத் திரும்பச் செருகினேன், தண்ணீர் வந்தது. நடந்தது அவ்வளவுதான், சார். ஆனால் அடுத்த துறைமுகத்தில் அவள் மகளோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"உங்கப்பா கை வச்சா போதும்டி, எல்லாம் சரியாயிடுது."

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். பழுது பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் நீட்டுகிற சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். வீட்டில் பல்பு மாற்றக்கூட அவள் எதிர்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை நான் மாற்றப்போய்த் தெருவுக்கே கரண்ட் போனது.

ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு வாங்கியது என் ஆசை, கூட வந்தது அவள் பெருந்தன்மை. மகளின் பிரசவத்துக்கு முன்னால் கரை சேர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பம்புக்குப் பிறகு வாரம் ஒரு பழுது வந்தது. சுக்கானைத் தானாகப் பிடிக்கிற கருவி நின்றது. பாய் ஏற்றும் கயிறு சிக்கியது. அடுப்புக்கு கேஸ் வரவில்லை. எல்லாவற்றையும் நானே சரிசெய்தேன். எங்கே கெட்டிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அது பெரிய வித்தை இல்லை. அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். நான் நெற்றியைச் சுருக்கிக்கொள்வேன். முடிந்ததும் டீ போட்டுத் தருவாள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு நாள் போனது. மற்றபடி யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்த வாரத்துக்கு ரேடியோ என்று வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அவள் எழுந்திருப்பதற்குள் அதன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். எங்கள் பாய்மர வேகத்தில் கரைக்கு இரண்டு நாள் தூரம். செல்போனில் சிக்னல் கிடையாது.

எட்டரை மணிக்கு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வலப்பக்கம், கீழே. பத்து மணிக்கு வாந்தி. ரேடியோவில் யாரையாவது கூப்பிடுங்கள் என்றாள். ரேடியோ வேலை செய்யவில்லை என்றேன். அது உண்மைதான்.

உடனே மாட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அரை நிமிட வேலைதான். ஆனால் அரை நிமிடத்தில் சரியானால் அது என்ன பழுது? கொஞ்சம் போகட்டும் என்று ஒரு பலகையைக் கழற்றினேன். வலி பரவாயில்லை என்றாள். அப்படியானால் நேரம் இருக்கிறது என்று இன்னும் இரண்டு பலகை கழற்றினேன். சாயங்காலத்துக்குள் படகின் வயர் முழுக்க வெளியே கிடந்தது. அவ்வளவையும் பிரித்துப் போட்டபின் ஒரு ஃபியூஸ்தான் காரணம் என்று எந்த முகத்தோடு சொல்வது? பிறகு காய்ச்சல் ஏறியது. நெற்றியில் ஈரத்துணி போட்டேன். தலையணையை மாற்றி மாற்றி வைத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு என் அழைப்பு வந்ததாக உங்கள் பதிவில் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் உங்கள் கடலோரக் காவல்படைப் படகு வந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. குடல்வால் வெடித்திருக்கிறது, நாலைந்து மணி நேரம் முன்னால் வந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நிறைமாதமாக இருந்த மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "விடுங்கப்பா. ரெண்டு நாளா கண்ணு மூடாம ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. உங்களால ஆனதைச் செஞ்சீங்க." நான் தலையாட்டினேன்.

படகின் குறிப்பேட்டில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேராக, 'ரேடியோ பழுது கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதி அடித்திருக்கிறதே, அது என்ன என்று கேட்கிறீர்கள். எழுதியதும் நான்தான், அடித்ததும் நான்தான்.

அப்போது டார்ச்சைப் பிடிக்க ஆள் இல்லாமல் வாயில் கவ்விக்கொண்டு வயர்களுக்கு நடுவே படுத்திருந்தேன். அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. டார்ச்சை எடுத்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "கோளாறு எங்கதான் இருக்குன்னு தெரியலையே."

அவள் பதில் சொன்னாள். எழுந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு, காய்ச்சலில் உளறுகிறாய் என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்னபின் ஃபியூஸை எடுத்து மாட்ட வழியில்லை. மாட்டினால் அவள் உளறவில்லை என்று ஆகிவிடும். எழுதியதை அடித்துவிட்டு, அவளுக்கு நினைவு தப்பும்வரை வேலை பார்த்தேன். அதற்கு ஐந்து மணி நேரம் ஆனது.

அவள் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கோபமே இல்லை, டீ வேணுமா என்று கேட்கிற குரல்தான்.

"உங்க சட்டைப் பையில இருக்குங்க. பம்பைத் தவிர மத்த எல்லாம் எனக்கு அப்பவே தெரியும். எடுத்து மாட்டுங்க, நான் டார்ச் பிடிக்கிறேன்."