மேல்வீட்டுப் பாட்டு

சத்தமாவா? கொஞ்சம் சத்தமான்னு சாதாரணமா கேக்குறியேம்மா! பார்ட்டிக்கு வந்தவங்க சைகையில பேசிக்கிட்டாங்க! எங்க வீட்டுக்காரரோட மேனேஜர், பாவம், குடிக்கத் தண்ணி கேக்குறாரு. இவரு பல்லைக் காட்டிக்கிட்டு "ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி"ங்கிறாரு. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் தண்ணி குடிக்காமலே போனாரு... அரை டம்ளர் காபி போதும். சரி, ஊத்திட்ட, குடு.

அதோ, சன்னல் வழியா தெரியுதா, வண்டி நிக்குது? என் ஓரகத்தி வீட்டு சாமான்தான் ஏத்துறாங்க. போகட்டும்! இத்தன வருஷமா ஒரே வீட்ல அவங்க மேல, நாங்க கீழ. இப்போ அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே இல்ல. எனக்கென்ன? நான் நிம்மதியா தூங்குறேன்... தூக்கம் வரல, அது வேற விஷயம். உஷ்ணம்.

கேளு. அன்னைக்கு எங்க கல்யாண நாளு. நான் எவ்வளவு யோசிச்சு செஞ்சேன் தெரியுமா? நாற்காலிய இழுத்தா கீச்சுனு கேக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு காலுக்கும் சாக்ஸ் மாட்டினேன். இவரோட சாக்ஸ்தான். மறுநாள் வெறும் கால்ல ஷூ போட்டுட்டு ஆபீசுக்குப் போனாரு, அதை விடு. எங்க சின்ன மாமா சிரிச்சா கண்ணாடி அதிரும். அவரைக் கொண்டுபோய் சமையலறைப் பக்கமா உக்கார வெச்சேன். பேச்சு முன்னால கேக்கணும், பாட்டு பின்னால மெதுவா ஓடணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அதுக்குன்னே பையன் புது ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்துட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டான். போன்ல புளூடூத்துல ஸ்பீக்கரைத் தேடினா, ஒரே பேரு ரெண்டு தடவ வருது. சரி, போன் கோளாறுன்னு மேல இருந்ததை அமுக்கினேன். பாட்டு வந்துச்சு... ஆனா கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வந்துச்சு. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அப்புறம்தான் பாக்குறேன், சத்தம் வெளியிலேருந்து வருது! அதே பாட்டு! ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பாக்குறேன், என் பாட்டு துளி கூட கேக்கல. அவ சத்தத்துல அப்படியே அமுங்கிப்போச்சு!

யாரா? ஏம்மா, பக்கத்துல நீ ஒருத்தி, நீயும் உங்கம்மாவைப் பாக்கணும்னு வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்ட. மிச்சம் யாரு? மேல அவதானே? தலைவலி, பார்ட்டிக்கு வரலன்னு சொல்லி அனுப்பினவ! நான் கூட்டினா அவளும் கூட்டுறா. நான் குறைச்சா அவளும் குறைக்கிறா. குடும்ப குரூப்புல என்னென்ன பாட்டுன்னு ஆசையா போட்டிருந்தேன். அதே வரிசையில போடுறா! என்ன ஒரு வயித்தெரிச்சல் பாரு.

விடுவேனா? போனைக் கையில பிடிச்சுக்கிட்டு, விறுவிறுன்னு மாடி ஏறினேன். அவ வாசல்ல கால் வைக்கிறேன், பாட்டு கப்புனு நின்னுடுச்சு! எவ்வளவு உஷார்! உள்ள போனா, தலையில துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கா. "சத்தம் தாங்கல, நானே கீழ வந்து கேக்கலாம்னு இருந்தேன்"ங்கிறா. நடிப்பு! வந்த அத்தன பேரும் படிக்கட்டுல நிக்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அழுதா. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. என் பிரசவத்துக்கு ராவும் பகலும் கூட இருந்தவ அவ. சரி, கீழ வந்து மறுபடி என் பாட்டைப் போடுறேன், ஒடனே அவளும் போடுறாம்மா! அழுத கண்ணு காயல, அதுக்குள்ள! அக்கான்னு கூப்பிட்டதெல்லாம் அன்னையோட சரி.

எந்தப் பாட்டா? அன்னையிலேருந்து போனைத் தொடவே மனசு வரல. இரு, போட்டுக் காட்டுறேன், நீயே சொல்லு, இது அவ்வளவு சத்தமா போடுற பாட்டா...

ஐயய்யோ! ஐயோ, காபி மேலெல்லாம்... என்னம்மா இது, எங்கேருந்து... ஃபிரிட்ஜ் மேல. அது என்ன, ஸ்பீக்கரா?

உன்னோடதா.

எங்க வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கே... அன்னைக்கு சார்ஜ்ல போட்டுட்டு அப்படியே போயிட்டியா? சன்னலும் தொறந்தா இருந்துச்சு?

சிரிக்காதம்மா. சத்தியமா சிரிக்காத. அப்போ நான் போனோட மாடிக்குப் போனதாலதான் பாட்டு நின்னுச்சா!

வண்டி... ஐயோ, வண்டி எடுக்குறான்! தள்ளு, சன்னல்கிட்ட விடு. அக்கா! அக்கா! கேக்கல, இந்தப் பாட்டுச் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கவே இல்லியே! நிறுத்து, எதை அமுக்கணும், கூடுதே, இன்னும் கூடுதே! கதவைத் தொற, தொற! அக்கா, நில்லுங்க! நான்தான்! அந்தச் சத்தம் நான்தான்!