கேட்டுக்கு வெளியே

டீ வேண்டாம் சார். பிற்பகலுக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. தூக்கத்தின் அருமையை ஊர் ஊராகப் பேசியவன், அதை ஒரு டம்ளர் டீக்காகக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் பாலசுந்தரம். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அந்த வழியாகப் போயிருந்தால் என் வரிகளைப் படித்திருப்பீர்கள். 'கண் அயர்ந்தால் கல்லறை' என்று காம்பவுண்டுச் சுவரில் பச்சை பெயின்ட்டில் இருப்பது நான் எழுதியதுதான். வளைவுக்கு வளைவு ஒன்று இருக்கும். தொகுத்துப் புத்தகமாகப் போடும் எண்ணம் உண்டு. முன்னுரை மட்டும் தயார்.

ஆலை வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று தினமும் எண்ணை மாற்ற வேண்டும். அதை மாற்றிவிட்டுத்தான் நான் சாமியே கும்பிடுவேன். உள்ளே யாருக்காவது அடிபட்டால், அல்லது வேலையால் உடம்போ மனசோ கெட்டு ஒருவர் லீவில் போனால், மறுநாள் போர்டில் பூஜ்ஜியம். அது ஆயிரத்தைத் தொடும் நாளில் முதலாளியின் மகன் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. பொன்னாடை, கேடயம், என் தலைமையில் கவியரங்கம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கொளஞ்சிக்குத் தூக்கம் போனது.

கொளஞ்சி எங்கள் சுரங்கத்துக்குள் டிப்பர் ஓட்டுபவர். வெட்டிய சுண்ணாம்புக்கல்லை அரைவைக்குக் கொண்டுவந்து கொட்டும் வேலை. ஆள் குறைவு என்று மாதக்கணக்கில் அவருக்கு நைட் ஷிஃப்ட். போட்டது நானில்லை, கையெழுத்து மட்டும் என்னுடையது. பகலில் தகரக் கூரைக்குக் கீழே யாரால் தூங்க முடியும். முதலில் சும்மா முழித்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"சார், சைடு கண்ணாடியில ஒருத்தன் ஒக்காந்துருக்கான் சார். நா திரும்புனா அவனும் திரும்புறான்."

"அது நீதான்யா," என்றார் இன்னொரு டிரைவர் சாமிதுரை. "செரைச்சு எத்தன நாளாச்சு? ஒனக்கே ஒன் மூஞ்சி அடையாளம் தெரியல."

எல்லோரும் சிரித்தோம். கொளஞ்சியும் சிரித்தார். எங்கே நிறுத்துவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி வேணி பெரம்பலூரில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார்.

"தூக்கம் கெட்டா மனசு கெடுமாம் சார். மனசு கெட்டா இருக்குற தூக்கமும் போயிடுமாம். ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போவும்னு டாக்டர் சொல்றாங்க. மாத்தர குடுத்துருக்காங்க. ஒரு மாசம் வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. லீவு மட்டும் குடுங்க சார். செத்த நேரம் தூங்குனா பழையபடி ஆயிடுவாரு."

நல்ல வாசகம். மறுநாள் சாலைப் பாதுகாப்பு மாதத் தொடக்க விழாவில் அதைத்தான் பேசினேன். பலத்த கைதட்டல்.

லீவு தர வழியில்லை. காரணம் எழுத வேண்டும்; எழுதினால் பூஜ்ஜியம். வேணியிடம் நிதானமாக விளக்கினேன். "ஆயிரம் நாள் விழா முடியட்டும்மா. மாத்திரை போட்டுட்டு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவுதானே? அப்ப ஓட்டுற வரைக்கும் மாத்திரை போட வேணாம்."

"டாக்டர் அப்படிச் சொல்லலீங்களே சார்."

"வேலை நிலைக்கணும் இல்ல?"

அவர் பையைத் திறந்தார். மாத்திரை அட்டைகளை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னமும் என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த வாரமே கொளஞ்சி சுரங்கத்துக்குள் மண்மேட்டில் டிப்பரை ஏற்றிவிட்டார். காயம் ஒன்றுமில்லை. "கண்ணாடிக்காரன் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டான் சார்," என்றார். இவர் எங்கேயாவது மோதத்தான் போகிறார் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி. பாதுகாப்பு அதிகாரி என்பவன் முன்கூட்டி யோசிக்க வேண்டும் சார்.

யோசித்து, அவரை வெளி ரோட்டுக்கு மாற்றினேன். குன்னம் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து எங்களுக்குக் கல் வரும் வழி அது. கேட்டுக்கு வெளியே நடப்பது போர்டில் ஏறாது. பகல் ஷிஃப்ட் என்றதும் வேணி கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லாருக்கணும் சார்."

மக்காச்சோள அறுவடை நேரம். தார் ரோட்டில் பாதி அகலத்துக்குச் சோளத்தைக் காயப்போட்டிருப்பார்கள், உங்களுக்கே தெரியும். அன்று காலை விழிப்புணர்வுப் பிரசுரம் கொடுக்க நானே பைக்கில் அந்த வழியே போனேன். வீராயி என்ற வயதான அம்மா சோளத்தைக் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் காயப்போடுவது எவ்வளவு ஆபத்து என்று எடுத்துச் சொன்னேன்.

"எங்க களத்துல ஒங்க லாரி கொட்டுன மண்ணுதான் காயுது தம்பி. இங்க போடாம ஒன் தலயிலயா போடச் சொல்ற?" என்றார். பிரசுரத்தை மடித்து, உட்காரப் போட்டுக்கொண்டார். அவருடைய மருமகள் லீலாவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கொளஞ்சி மதியத்துக்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள்தான் சொன்னார்கள். மாமியார், மருமகள் இரண்டு பேரும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். கொளஞ்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஊசி போட்டிருக்கிறார்களாம், அசந்து தூங்குகிறார். எழுந்ததும் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று வேணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆயிரமாவது நாள் விழா திட்டப்படி நடந்தது. மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். எதற்கென்று மேடையில் விளக்க வேண்டிவரும் என்பதால் விட்டுவிட்டோம்.

களைப்பாக இருக்கிறது சார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாங்கி வைத்தது நான். அவர் மோதுவார் என்று தெரியும். அந்த ரோட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: என் பொறுப்பில் இருந்த இடத்துக்குள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.